பாதி சிவந்த மூலை மனை

"...பாட்டு ஓடிகினு இருக்கட்டும், மீதியும் தானா செவப்பாயிடும். நீ கை வெச்சுக் கெடுத்துடாத மச்சான்" என்றார் அண்ணாத்த.

அண்ணாத்த திருப்போரூரில் மனை விற்பவர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவருடைய அலுவலகத்துக் கணிப்பொறியில் மனைகளின் வரைபடத்தை ஏற்றிக் கொடுத்தவன் நான். விற்காத மனை பச்சை, விற்றது சிவப்பு. செங்கல்பட்டு நெட் சென்டரில் உட்கார்ந்து, பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்ட வித்தை அது.

கணிப்பொறி பழசு. படம் திரைக்கு வர நேரம் பிடித்தது. "தேர் வர்றா மாரி வருதே, வாங்க வந்தவன் கெழவனாயிடுவான்" என்று அலுத்துக்கொண்டார் அண்ணாத்த.

அதற்கு மருந்து கர்னலில் இருந்தது. கர்னல் என்பது எல்லா மென்பொருளுக்கும் அடியில் ஓடுவது. நினைவகத்தில் எந்தப் பகுதியை எப்படி நடத்த வேண்டும் என்று அங்கேதான் பிராசசருக்குச் சொல்லி வைக்கலாம். அவருக்கு ஓட்டல் பலகாரம் போல மூன்று ரகத்தை ஒப்பித்தேன். ஒவ்வொரு புள்ளியையும் அவ்வப்போதே கொண்டுபோய் எழுதுவது ஒரு ரகம். பத்திரம், ஆனால் மெதுவு. கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொண்டுபோவது இன்னொன்று, திரைக்கென்றே ஏற்பட்டது. தன் பக்கத்தில் இருக்கும் நகலில், அதாவது கேஷில், எழுதிக்கொண்டு, இடம் போதாதபோது மட்டும் அனுப்புவது மூன்றாவது. இருப்பதிலேயே வேகம், ஆனால் திரைக்கு ஆகாது.

கடைசி இரண்டு சொல்லை அவர் கேட்கவே இல்லை. "எது ஸ்பீடோ அத்தப் போடு. மனை விக்கிறவன்கிட்ட நடு ரகத்தக் காட்டாத."

போட்டேன். படம் பறந்தது. ஆனால் விற்ற மனையைச் சிவப்பாக்க மவுசால் அழுத்தினால் பிராசசர் தன் நகலில் மட்டும் சிவப்பு அடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். திரைக்குச் சேதி போகாது. மனை பச்சையாகவே இருக்கும். ஒருநாள் காலையில் அண்ணாத்த அதே கணிப்பொறியில் முருகன் பாட்டுப் போட்டார். பாட்டுக்கு இடம் வேண்டுமே, பிராசசர் பழைய சரக்கை வெளியே தள்ளியது. அடுத்த நொடி திரையில் மனை சிவந்தது. நான் காரணத்தைச் சொன்னேன். அவர் கந்தசாமி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து மனை விற்றால் பாட்டு. "அந்த ஆபீசுல முருகன் கையெழுத்துப் போட்டாதான் வித்த கணக்கு" என்று எதிர்ப்புற டீக்கடைக்காரர் ஊரெல்லாம் சொன்னார். நடு ரகத்துக்கு மாற்றிவிடலாம் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். சாமி காரியத்தில் குறுக்கே வராதே என்று வாயை அடைத்துவிட்டார்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை, அதன் ஊழியர் குடியிருப்பில் வீடு. கிழக்குப் பார்த்த மூலை மனைமேல் அவருக்குக் கண். அதற்கு முந்தின நாள்தான் ஒரு வாத்தியார் முன்பணம் கொடுத்திருந்தார். விற்றுவிட்டது என்று அண்ணாத்த உள்ளதைச் சொன்னார். அன்று காலைதான் அந்த மனையை அழுத்தியிருந்தார், பாட்டு இன்னும் போடவில்லை. திரை பச்சையாக இருந்தது.

"விலையை ஏத்தத்தான் இப்படிச் சொல்லுதீங்களோ? மெஷின் இருக்குங்குது, நீங்க இல்லைங்கீங்க" என்றார் அந்த அம்மா. அவர் கோபித்துக்கொண்டு போனால் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிடுவார். அண்ணாத்தயின் வியாபாரத்தில் முக்கால்வாசி அந்தக் குடியிருப்புதான்.

பாட்டுப் போட்டார். மனை கோடு கோடாகச் சிவந்துகொண்டே வந்து, பாதியில் நின்றுவிட்டது. பாட்டுக்கு அவ்வளவு இடம்தான் வேண்டியிருந்தது போலும், மீதிச் சிவப்பு நகலிலேயே தங்கிவிட்டது.

அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பாதிதானே வித்திருக்கு? மீதியை எனக்குக் கொடுங்க."

கர்னலில் ஒரே ஒரு சொல்லை மாற்றி மறுபடி கிளப்பினால் சரியாகிவிடும் என்று நான் கீபோர்டுக்குக் கை நீட்டினேன். அப்போதுதான் அண்ணாத்த, கை வைக்காதே என்று என்னைத் தடுத்தார்.

பாட்டு முடிந்தது. பச்சை அப்படியே இருந்தது. அந்த அம்மா கைப்பையை எடுத்தார்.

"யம்மா, ஸ்டிக்கர் பொட்டு கீதா?" என்றார் அண்ணாத்த.

ஒன்றும் புரியாமல் அவர் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அண்ணாத்த பெரிய சிவப்புப் பொட்டாகப் பார்த்து உரித்து, பச்சை தெரிந்த இடமெல்லாம் திரையில் வரிசையாக ஒட்டினார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏமாத்துறவங்க இவ்வளவு பாடுபட மாட்டாங்க. பக்கத்து மனையைக் காட்டுங்க" என்று உட்கார்ந்தார்.

அண்ணாத்த, மீதிப் பொட்டு இருந்த அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.