முதல் வார்த்தையில் ஒரு கோடு

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "உங்களுக்குக் கோவம் இன்னும் போகவே இல்லேல்ல, அப்புறம் எதுக்குப்பா கோயில்ல ஏறி நின்னு பேசுறீங்க?" உங்கள் அம்மா அவன் தலையில் தட்டினாள். தட்டியிருக்க வேண்டாம். அவன் கேட்டது நியாயம். வாயால் பதில் சொல்லப் போனால் எனக்கு அதற்கும் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் நம் சபையில் மூன்று மணி நேர ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தன்னைக் கொல்கிறவர்களுக்காக அவர் மன்னிப்புக் கேட்ட முதல் வார்த்தை பல வருடமாக எனக்குத்தான். வாத்தியார்கள் எல்லாம் இருக்க, பிக்கப் வண்டி ஓட்டுகிற எனக்கு ஏன் என்றால், நான் பேசும்போது அழுவேன். கோபம் மாதிரியே கண்ணீரும் எனக்குச் சட்டென்று வரும்.

நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவது உங்கள் அக்கா. என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தாக எழுதி, மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியும் வைப்பாள்.

அவள் பதினொன்றாவது படித்த வருடம். வெள்ளிக்கு முந்தின நாள் பூண்டி கிராமத்திலிருந்து கேரட் ஏற்றி வந்தேன். சீசனுக்கு மலையேறி வந்த கூட்டம், வழியெல்லாம் வண்டி. மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்ததும் கடைக்காரர் சுமை தூக்குகிறவர்கள் முன்னால் கத்தினார்: "ஏலே, வெள்ளனே வாடான்னா பொழுது சாயப் போகுது, இப்ப வாரே! மொத்தக் கேரட்டையும் நானா திங்கிறது?" நான் கும்பிட்டு, "தப்புத்தாங்க மொதலாளி" என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

என் கோபத்துக்குக் கண் நன்றாகத் தெரியும் பிள்ளைகளே. யாரிடம் போகக் கூடாது என்று அதற்குத் தெரியும்.

நாயுடுபுரம் வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவாமல் மேஜையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அக்கா பக்கத்து நாற்காலியில் எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, இது போன வருசம் சொன்னதுதாம்ப்பா."

"எழுதுன்னா எழுது."

"அப்படியே இருக்குப்பா. சபையில சிரிக்கப் போறாங்க."

அடித்துவிட்டேன். கன்னத்தில். அவள் கையிலிருந்த பேனா தாளின் ஓரம் வரைக்கும் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போனது. நீங்கள் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். சமையல்கட்டிலிருந்து உங்கள் அம்மா குரல் மட்டும் வந்தது: "நாளைக்கு மன்னிப்பைப் பத்திப் பேசப் போற ஆளு."

வண்டியைப் பார்க்கிற சாக்கில் வெளியே போனேன். திரும்பி வந்தபோது தாள்கள் மேஜையில் அடுக்கி இருந்தன. மிச்சத்தை எழுதி முடித்திருந்தாள். நான் சொல்லாமல் விட்டதை எல்லாம் போன வருடத் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். புள்ளிகள்கூட வைத்திருந்தாள்.

மறுநாள் எல்லோரும் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருக்க, நான் வாசித்தேன். இரண்டாம் பக்கம் திரும்பியதும் அந்தக் கோடு. அவள் வேறு தாளில் மாற்றி எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டாளா, நான் இன்றுவரை கேட்டதில்லை. நின்றுவிட்டேன். மூன்றாவது வரிசையில் அவள் தலை குனிந்திருந்தாள். 'நேற்று என் மகளை அடித்தேன்' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுகை வந்தது, அழுதேன். சபையும் அழுதது. கோட்டைத் தாண்டி அடுத்த வரியிலிருந்து வாசித்து முடித்தேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வெளியே வந்ததும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருசம் உருக்கிட்டீங்கண்ணே" என்றார். ஒரு பெரியம்மா அக்காவிடம், "இப்படி அப்பா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் தாயி" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைத் தேடப் போனாள். எனக்காக அவள் ஒரு பொய் சொன்னாள், அதுவும் பெரிய வெள்ளிக்கிழமையில்.

வீட்டுக்கு நடக்கும்போது, "அப்பா பண்ணது தப்பும்மா" என்றேன்.

"போன தடவையும் இதைத்தாம்ப்பா சொன்னீங்க."

போதகரிடம் போய், "கை நீட்டுறவன் நான், இனி அந்த வார்த்தை எனக்கு வேண்டாங்கய்யா" என்றேன். அவர் சிரித்தார். "கோவமே வராத ஏழு பேரைக் கூட்டியாங்க, உங்களை விட்டுடுறேன்." கர்த்தர் பலவீனரைத்தான் பயன்படுத்துகிறார் என்றும் சொன்னார். மெய்தான். ஆனால் அந்த ஆறுதல் எனக்குக் கிடைத்தது. அடி வாங்கினவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் தயங்கித் தயங்கித்தான் அவளைக் கூப்பிட்டேன். "சொல்லுங்கப்பா" என்று தாளோடு வந்தாள். வந்தவள் நாற்காலியை இழுத்து மேஜையின் எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டாள். என் கை எட்டாத தூரம். கோபமாகச் செய்யவில்லை. தூறல் விழுந்தால் குடையை விரிப்போமே, அப்படி.

சின்னவனே, நீ கேட்டதற்கு வருகிறேன். கோபம் போகவில்லை. முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன், போகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை இந்த வீட்டில் கை நீட்டியிருக்கிறேன், அது உனக்கே தெரியும். தகுதி இருக்கிறது என்று நான் ஏறவில்லை. மன்னிப்பைப் பற்றிய அந்த வார்த்தையை வருடத்துக்கு ஒரு தடவையாவது என் வாயால் சொல்லி என் காதே கேட்கட்டும் என்றுதான் ஏறுகிறேன். அதைக் கேட்டு நான் திருந்துவேனா என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிற அக்கா இந்த வருடமும் லீவுக்கு வந்து எழுதித் தந்தாள். நாற்காலி எதிர்ப்பக்கம்தான். பக்கத்தில் வா என்று நான் கூப்பிடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.