நீல நூல்

அவர் வீட்டுச் சர்க்கரை டப்பாவின் மூடியில் ஒரு நூல் கட்டியிருக்கும். அலமாரிக் கைப்பிடியில் ஒன்று, மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் ஒன்று, எரிவாயு சிலிண்டரின் திருகில் ஒன்று. யாராவது தொட்டால் அறுந்துவிடும். அறுந்திருந்தால் அன்று முழுவதும் வீட்டில் விசாரணைதான். தெருவில் அவருக்கு நூல்காரர் என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிறது.

பழக்கம் வீட்டில் தொடங்கியதல்ல. கடற்படையின் ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் ஒன்றில் பதினேழு வருடம் எஞ்சின் அறை மெக்கானிக்காக இருந்தவர். அளவுமானி காட்டுவதை நம்பமாட்டார், புறங்கையைக் குழாயின் மேல் வைத்துப் பார்ப்பார். தான் திருகிய வால்வில் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்துப்போன நூலைக் கட்டிவிட்டு வருவார். திறந்து வைத்ததற்குச் சிவப்பு, மூடி வைத்ததற்கு நீலம். இந்தக் கணக்கைக் கப்பலில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களும் அதே நூலைக் கட்டி ஏமாற்றுவார்களாம்.

அந்தக் கப்பலுக்கு இப்போது முப்பத்தொரு வயது. ஓய்வு கொடுக்கப் போகிறார்கள். அதன் சேவை வரலாற்றைப் புத்தகமாகப் போட, ஆவணப் பிரிவிலிருந்து ஒரு பெண் எழுத்தர் கோப்புகளோடு வீட்டுக்கு வந்தாள். பழைய படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

நூல்காரர் முதலில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"படத்துல இருக்கிறது நீதானாம்மா? முகம் ஒல்லியா இருக்கே?"

"அப்ப ஒல்லியாத்தான் இருந்தேன் சார்."

"விடுங்க, உள்ள வரட்டும்," என்றாள் மனைவி. "கல்யாண ஃபோட்டோல நீங்களும்தான் வேற ஆளு."

எழுத்தர் தட்டச்சுப் பிரதியை மேசைமேல் வைத்தாள். கப்பல் கடலில் இறங்கிய நாள், மாறிமாறி வந்த கேப்டன்கள், புயலில் கவிழ்ந்த சரக்குக் கப்பலிலிருந்து நாற்பத்திரண்டு பேரைத் தூக்கியது, வெள்ளத்தின்போது குடிநீர் கொண்டுபோனது. ஒவ்வொரு தேதியையும் தன் பழைய டைரியோடு ஒப்பிட்டார். இரண்டு தவறு கண்டுபிடித்தார். அதில் அவருக்கு நல்ல திருப்தி.

பன்னிரண்டாவது வருடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. 'கூட்டுப் பயிற்சியின்போது எஞ்சின் அறைப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் கியர்பெட்டி பழுதாகி, கப்பல் இழுத்து வரப்பட்டது.'

"பேரு போடலையா?"

"போடல சார். ஆனா அந்த வருஷம் வேலைய விட்டு எடுத்தது ஒருத்தரைத்தான். படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

அந்த ஒருத்தர் சுருட்டை. முடியால் வந்த பெயர். நூல்காரரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். கியர்பெட்டி பழுதான அன்று காலை எட்டு மணி வரை நூல்காரரின் முறை, எட்டுக்கு மேல் சுருட்டையின் முறை. எட்டரைக்குக் கப்பல் முழு வேகம் எடுத்தது. பத்து நிமிடத்தில் கியர்பெட்டி எண்ணெய் கொதித்து, பேரிங்குகள் தேய்ந்துபோயின. எண்ணெயைக் குளிர்விக்கும் கடல்நீர் வால்வு மூடிக் கிடந்தது. ஓடிவந்து அதைத் திறந்தவர்கள் கீழே கிடந்த நூலை எடுத்து விசாரணைக் கோப்பில் சேர்த்தார்கள். நூல்காரரிடம் அதைக் காட்டவில்லை. நூல்காரர் சாட்சி சொன்னார்: "வால்வைத் திறந்துதான் வச்சேன். பதிவேட்டுல எழுதியிருக்கேன். நூலும் கட்டினேன். நூல் அறுந்திருக்குன்னா எனக்கப்புறம் யாரோ தொட்டிருக்காங்க." சுருட்டை தொடவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"இதையும் பாருங்க சார்," என்று எழுத்தர் கோப்பிலிருந்து ஒரு காக்கி உறையை எடுத்துக் கவிழ்த்தாள். "எல்லாம் புரியுது, இது மட்டும் என்னன்னு புரியல."

மேசைமேல் விரல் நீளத்துக்கு ஒரு நூல் விழுந்தது. அதன் முடிச்சு அப்படியே இருந்தது. அறுந்தது வேறு இடத்தில். எண்ணெய்க் கறைக்கு நடுவிலும் நிறம் தெரிந்தது.

தண்ணீர் கொண்டுவந்த மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, நீலம் மூடினதுக்குத்தானே?"

நூல்காரர் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒட்டிய இடத்தை நகத்தால் தடவினார். "இதை இதுக்கு முன்னாடி யாரு பிரிச்சாங்க?"

"நான்தான் சார். போன வாரம். அதுவரைக்கும் முத்திரை உடையாமத்தான் இருந்துச்சு."

"யாரோ நூலை மாத்தியிருக்காங்க."

"எதுக்குங்க மாத்தணும்?" என்றாள் மனைவி. "உங்களைத் தவிர அந்தக் கணக்கு தெரிஞ்ச ஒரே ஆளு நான். நான் கப்பல் ஏறினதே இல்ல."

"முடிச்சைப் பாரு. என் முடிச்சு மாதிரியா இருக்கு?"

"மாதிரி இல்ல, அதேதான். ரெண்டு சுத்து வலம், ஒரு சுத்து இடம். எனக்குத் தெரியாதா? சர்க்கரை டப்பாவுல தினமும் அதை அவிழ்த்து நான்தானே திரும்பக் கட்டி வைக்கிறேன்."

நூல்காரர் அவளைப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வரிக்கே ஒரு மாத விசாரணை நடந்திருக்கும். எழுத்தர் கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நூல்காரர் உறையைக் கீழே வைத்தார். "கடல்நீர் வடிகட்டியைக் கழுவறதுக்கு வால்வை மூடினேன். நீலம் கட்டினேன். கழுவி மாட்டினேன். அப்ப ஒலிபெருக்கியில கூப்பிட்டாங்க, பக்கத்து அறையில பம்ப் ஒழுகுதுன்னு. போயிட்டேன்."

"ஆனா பதிவேட்டுல 'திறந்தாச்சு'ன்னு இருக்கே சார்?"

"கழுவறதுக்கு முன்னாடியே அதை எழுதிடுவேன். அடுத்து வர்றவன் எழுதுவான்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

எழுத்தர் மெதுவாகச் சொன்னாள்: "நாளன்னைக்கு அச்சுக்குப் போகுது. எழுதிக் குடுத்தீங்கன்னா அதிகாரி முன்னாடி வைக்கிறேன். அந்த வரி போயிடும். குடுக்கலன்னா அது அப்படியேதான் வரும்."

"நீ இங்க கேட்டதை வெளியில சொல்லுவியா?"

"சொல்லணுமா வேண்டாமான்னு நீங்கதான் சார் சொல்லணும்."

மனைவி பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். எழுதுகிறாரா என்று பார்க்க இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். அவர் எழுதினார். ஒன்றரைப் பக்கம். கடைசி வரி வரை அடித்தல் இல்லை.

மறுநாள் காலை அதன் நகலோடு சுருட்டையின் கடைக்குப் போனார். மோட்டார் பம்புகளைப் பழுது பார்க்கும் கடை. சுருட்டைக்கு இப்போது மண்டையில் ஒரு முடிகூடக் கிடையாது. குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"என்ன, இங்கயும் நூல் கட்ட வந்தியா?"

நூல்காரர் தாளை நீட்டினார். சுருட்டை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இப்ப எதுக்கு? டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?"

"இல்ல."

"பென்ஷன்ல எதாவது சிக்கலா?"

"இல்லப்பா. நான்தான் மூடினேன். நீ தொடல."

"அது எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாத் தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது, அதைச் சொல்லு."

சொன்னார். நீலம், சிவப்பு, முடிச்சு, சர்க்கரை டப்பா வரை எல்லாம். சுருட்டை சிரிக்கவில்லை. தாளைப் பெஞ்சில் விரித்து அடியில் இருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

"என் எதிர்ல இன்னொரு தடவை கையெழுத்துப் போடு."

போட்டார். சுருட்டை இரண்டு கையெழுத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "அந்த எழுத்தர் பொண்ணோட நம்பர் குடு. அசல் அங்க இருக்கான்னு கேக்கணும்," என்றார்.

நூல்காரர் சொல்லச் சொல்ல சுருட்டை அங்கேயே எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது. உட்கார் என்று சுருட்டை சொல்லவில்லை. நூல்காரரும் கேட்கவில்லை. பம்புகளுக்கு நடுவே, அவள் எடுக்கும் வரை நின்றுகொண்டிருந்தார்.