கவிழ்த்து வைத்த கோப்பை

கொள்ளு வேகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரசமோ பருப்போ அல்ல, குதிரைதான். சூலூருக்குத் தெற்கே இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில் விடியும்போதே வாசல் அடுப்பில் பெரிய செப்பு அண்டா ஏறிவிடும். கொள்ளு மலர்ந்து வெந்ததும் அம்மா முதலில் ரசத்துக்குத் தண்ணீரை வடித்துக்கொள்வார், பருப்பு கடைய இரண்டு கரண்டி எடுத்துக்கொள்வார், மிச்சமெல்லாம் ஆறவைத்து லாயத்துக்குப் போகும். குதிரைகள் தின்றதில் மீதியை நாங்கள் தின்றோமா, நாங்கள் தின்றதில் மீதியைக் குதிரைகள் தின்றனவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவள், "ஏன்டி, இன்னைக்கும் குருதைத் தீனியா?" என்பாள். ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டுவேன்.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே "குருதக்காரர் ஊடு", அதாவது குதிரைக்காரர் வீடு. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர் என் அப்பாவின் தாத்தா. உழவுக்கு ஒரு ஜோடி எருது பிடிக்கச் சந்தைக்குப் போனவர், எருதை மறந்துவிட்டு ஓர் அரபிப் பெட்டைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாராம். உறவெல்லாம் கூடி, "ஏனுங்க, ஏருக்கும் ஆகாது, பாலும் கறக்காது, இதை எதுக்குங்க புடிச்சுட்டு வந்தீங்க?" என்று கேட்டபோது, "பாக்கறதுக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாராம். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை அதைவிட நல்ல காரணம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி என்ன பார்ப்பதற்கு என்கிறீர்களா? நெற்றிக்குக் கீழே லேசாகக் குழிந்து இறங்கும் முகம், அந்த முகத்துக்குச் சற்றே பெரிதான கண்கள், நடை எடுத்ததும் தானாக உயர்ந்து நிற்கும் வால். பிறக்கும்போது கரிக்கட்டை மாதிரி இருக்கும் குட்டி, வருஷம் ஏற ஏற வெளுத்து, ஒரு நாள் பார்த்தால் சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி நிற்கும்.

முதல் குதிரையின் மகள், அவள் மகள் என்று பெட்டை வழியாகவே வம்சம் வளர்ந்தது. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, அவற்றைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். ஒரே ஒரு முறை வென்று, இரண்டு காதும் உள்ளே வெள்ளிப் பூச்சும் வைத்த ஒரு பித்தளைக் கோப்பையோடு திரும்பி வந்தார். வேறு வீடாக இருந்தால் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதில் கொள்ளை அள்ளிப் பார்த்தார்கள். ஒரு குதிரையின் ஒரு வேளைத் தீனிக்கு அளவு கச்சிதமாக இருந்தது. அன்றிலிருந்து கோப்பை லாயத்து மாடத்துக்குக் குடிபோய்விட்டது. அதற்கு ஒரு சட்டமும் உண்டு. கோப்பை நிமிர்ந்திருந்தால் இன்னும் தீனி போடவில்லை, கவிழ்ந்திருந்தால் போட்டாச்சு. போட்டவர் கவிழ்க்க வேண்டும்; அடுத்த வேளைக்குத் தண்ணீர் காட்டுபவர் நிமிர்த்த வேண்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் "சாப்டீங்களா?" என்று கேட்டு, சாப்பிட்டேன் என்றாலும் நம்பாமல் இலை போடுகிற ஊரில், இந்தச் சட்டம் மட்டும் இல்லாதிருந்தால் எங்கள் குதிரைகள் எல்லாம் தின்றே செத்திருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் வீட்டில் ஒரு சிக்கல் வந்தது. லாயம் இருந்த இடம் பாகப்பிரிவினையில் பெரியப்பாவுக்கு வந்திருந்தது. பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர், எதிர்வீட்டுக்காரர், எப்போதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதையாவது அளந்துகொண்டே இருப்பவர். சுற்றிலும் எல்லோரும் விசைத்தறி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் லாயத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"தம்பி, அப்பாருக்கு அப்பறம் இந்தக் குருதைக ஒரு கப்பு வாங்கலை. கோயமுத்தூருல அடுத்து நடக்கற கண்காட்சிதான் கடைசி. செயிச்சா இருக்கட்டும். இல்லீன்னா லாயத்தக் காலி பண்ணிப்போடு, நான் தறி எறக்கோணும்."

அப்பா எதிர்த்துப் பேசத் தெரியாதவர். "சரிங்கண்ணா" என்றார். லாயம் போனால் குதிரைகளைக் கட்ட வேறு இடம் இல்லை, விற்றுவிட வேண்டியதுதான் என்பது எனக்கே தெரிந்திருந்தது. அன்று சாயந்திரம் அப்பா லாயத்துக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கண்காட்சிக்குத் தேர்ந்தவள் ராசாத்தி. அப்போதுதான் முழுக்க வெளுத்து முடித்திருந்தாள். அவளுக்கு அப்பா செய்த ஏற்பாடுகளைப் பார்த்து, தனக்குக் கல்யாணம் நடந்தபோதுகூட இத்தனை ஜோடனை இல்லை என்று அம்மா குறைபட்டார். கண்ணைச் சுற்றியும் மூக்கைச் சுற்றியும் தேங்காய் எண்ணெய் தடவி மினுக்குவது, பிடரியைச் சீயக்காய் போட்டு அலசுவது, வாலைச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பது என்று தினமும் ஏதாவது நடக்கும். நீலம் ஒரு தடவை கூடிப்போய், வால் வானத்து நிறத்துக்கு வந்து, அதை வெளுக்க வைக்க அப்பா பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு தாங்காது. எல்லாவற்றுக்கும் மேல் அப்பா கறாராக இருந்தது தீனியில். அரபிக் குதிரைக்கு வயிறு ஒட்டி, முதுகு ஒரே கோடாக இருந்தால்தான் நடுவர் திரும்பிப் பார்ப்பார் என்று, வேளைக்கு ஒரு கோப்பைதான், அதற்கு மேல் ஒரு கைப்பிடி கிடையாது என்று சொல்லிவிட்டார். ராசாத்தியும் இளைத்து, நரம்பு தெரிய, சிலை மாதிரி ஆனாள். "பட்டினி போட்டு அழகு பாக்கறாங்க, பாவம்" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

கண்காட்சி நாள் விடிந்தது. பவானியிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, முதல் நாளே வந்திருந்தார்; ராசாத்தியின் முதுகில் போர்த்துவதற்கென்று சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் முன்பே எழுந்த அப்பா, ராசாத்திக்கு வழக்கமான தீனியைப் போட்டார். போட்டவர் கோப்பையைக் கவிழ்த்திருக்க வேண்டும். அப்பாருவின் கோப்பை கூட வந்தால் ராசியாக இருக்கும் என்று தோன்றிவிட்டதால், கழுவித் துடைத்துத் துண்டில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை, கேலி செய்வார்கள் என்ற வெட்கம். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

மாடம் காலியாக இருந்தது. நிமிர்ந்த கோப்பையும் இல்லை, கவிழ்ந்த கோப்பையும் இல்லை.

அதற்குப் பிறகு லாயத்துக்குள் யார் யார் போனார்கள் என்பது அன்று மதியம்தான் வெளியே வந்தது. லாரியில் ஏற்றும்போது ராசாத்தி கொஞ்சம் மந்தமாக இருந்ததைப் பார்த்து, "கூச்சம்" என்று அப்பா சொன்னார்.

கோயமுத்தூர் மைதானத்தில் பந்தல் போட்டு, நடுவில் மணல் கொட்டி வட்டம் கட்டியிருந்தார்கள். நடுவர் பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மையார், பெரிய தொப்பி, சிரிக்காத முகம். அப்பா புது வேட்டியில் ராசாத்தியை நடத்திக்கொண்டு வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மையார் நின்று, ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டார். நான் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். பிறகு அவர் பக்கவாட்டில் வந்தார். குனிந்து வயிற்றைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தார். ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டு இங்கிலீஷில் மெதுவாக ஏதோ கேட்டார். அவர் நம்ம ஊர்க்காரர். மெதுவாகக் கேட்டதை மைதானத்துக்கே கேட்கும்படி மைக்கில் சொன்னார்:

"ஏனுங்க, அம்மா கேக்கறாங்க, குருதைக்கு இது எத்தனாவது மாசமுங்க?"

அப்பாவின் முகத்தை என்னால் மறக்க முடியாது. "செனையெல்லாம் இல்லீங்களே" என்றார், அழுவது போல. பந்தல் முழுக்கச் சிரித்தது. ராசாத்திக்குத் தலைக்கும் கழுத்துக்கும் முதல் மதிப்பெண், உடம்புக்குக் கடைசி, நடைக்கு அதற்கும் கீழே. கோப்பை வேறு யாருக்கோ போனது. எங்கள் கோப்பை பைக்குள்ளேயே இருந்தது.

திரும்பி வரும்போது பெரியப்பா எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவரைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கியதும் ராசாத்தி முன்னங்காலால் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தாள். கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். உடம்பு வேர்த்தது. படுத்துப் புரளப் போனவளை அப்பா கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு கட்டிக்கொண்டு தரையில் புரண்டால் குடல் முறுக்கி உயிரே போய்விடும். கப்பு, தறி, லாயம் எல்லாம் ஒரு நொடியில் எல்லோருக்கும் மறந்துபோயின.

கால்நடை டாக்டர் ஓடி வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். நிற்காமல் நடத்திக்கொண்டே இருங்கள் என்றார். பிறகு, "காலையில என்னங்க போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒரு கோப்பை கொள்ளுங்க, அவ்வளவுதான்" என்றார் அப்பா.

அம்மா முந்தானையைத் திருகினார். "மாடத்துல கோப்பையக் காணமுங்க. அவுரு பதட்டத்துல மறந்துட்டாருன்னு நெனச்சு, நான் ஒரு படி போட்டுட்டேனுங்க."

அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. "அய்யோ, நானும் போட்டேனுங்க! அத்தனை தூரம் போற புள்ள வெறும் வவுத்தோட போலாமுங்களா?"

டாக்டர் தலையில் கை வைத்தார். "கல்யாண ஊட்டுல மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை போடமாட்டாங்களேங்க! வேற ஆராச்சும் உண்டா?"

 அப்போது, கயிற்றை அப்பாவிடமிருந்து வாங்கி ராசாத்தியை நடத்திக்கொண்டிருந்த பெரியப்பா, திரும்பாமலேயே சொன்னார்:

"நானும் ஒரு குண்டா போட்டேன். வெல்லத்தோட."

எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் நடையை நிறுத்தவில்லை. "கடைசியாப் போகுதேன்னு மனசு கேக்கலை. பசியோட போய் நிக்கோணுமா?" என்றார். வெள்ளைச் சட்டை முழுக்க ராசாத்தியின் எச்சிலும் நுரையும். "நடங்கம்மணி, நடந்துருங்க சாமி" என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டே வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா மாற்றிவிடக் கேட்டதற்கும் கயிற்றைக் கொடுக்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் அன்றுவரை இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ராசாத்தி நின்றாள். வாலைத் தூக்கினாள், கண்காட்சியில் தூக்க வேண்டிய அழகோடு. ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் வந்தது. அதன் பின்னால் லத்தி, ஒரு கூடை இருக்கும்.

"போட்டுருச்சு! போட்டுருச்சுடா தம்பி!" என்று பெரியப்பா கத்திய கத்தலில் தென்னை மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. அப்பாவும் அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அத்தை சாமிக்கு வேண்டிக்கொண்டு கற்பூரம் தேடி ஓடினார். டாக்டர் லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எங்கள் குடும்பம் எத்தனையோ நல்லது பார்த்திருக்கிறது. அந்த லத்திக்குக் கிடைத்த வரவேற்பு பிறகு எந்தக் குழந்தைக்கும் கிடைக்கவில்லை.

சில நாட்கள் கழித்துத் தறிகளை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. லாயத்து முன்னால் திரும்பப் போன லாரியைப் பெரியப்பா கை காட்டி நிறுத்தி, எதிரே தன் வீட்டு முன் கூடத்தில் இறக்கச் சொன்னார். "லாயத்துல கூரை தணிவா இருக்குது, தறிக்கு ஆகாது" என்று காரணம் சொன்னார். தலையைத் தூக்கி ஒரு குதிரை நிற்கும் கூரை அது. யாரும் மறுத்துப் பேசவில்லை, பெரியம்மாவைத் தவிர. முன் கூடத்தைத் தறிக்குப் பறிகொடுத்த பெரியம்மா, வருகிற விருந்தாளிகளைச் சமையற்கட்டில் உட்கார வைத்து, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பேசி, பிறகு மெதுவாகப் பேசவே மறந்துபோனார். லாயம் இருக்கும் திசைக்கே அவர் வரமாட்டார். "குருதை ஊட்டுக்குள்ள, மனுசன் தறிக்குள்ள" என்று போவோர் வருவோரிடமெல்லாம் முறையிடுவார்.

இப்போது ராசாத்தியின் பேத்தியைக் கண்காட்சிகளில் நடத்துவது நான்தான். கப்புகளும் வந்திருக்கின்றன, அவை கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, எந்த வேலைக்கும் ஆகாமல். செப்பு அண்டா பரணுக்குப் போய்விட்டது. தீனி மூட்டையாக வருகிறது, அதில் வாசனையே இல்லை. எதிர்வீட்டுத் தறிகள் ஓட்டம் குறைந்து நின்று, ஒரு நாள் பழைய இரும்புக்குப் போயின. அப்பாருவின் கோப்பை மட்டும் மாடத்தில், அதே சட்டத்தோடு இருக்கிறது.

போன வருஷம் பெரியப்பா காலமானார். அன்று விடிந்ததிலிருந்து எல்லோரும் எதிர்வீட்டில்தான். உச்சிப் பொழுதில், அழுகைக்கு நடுவே, லாயத்துக் கதவு படார் படாரென்று உதைபட்டது. நான் திடுக்கிட்டேன். நான் போட்டிருப்பேன் என்று அப்பா நினைத்திருந்தார், அப்பா போட்டிருப்பார் என்று நான். ஒருவரும் போடவில்லை.

நான் எழுவதற்குள் பெரியம்மா எழுந்துவிட்டார். தலைமாட்டிலிருந்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடியிருந்த சனத்தை விலக்கி நடந்தார். "அவுரு இருந்தா இப்படி வுட்டிருப்பாரா?" என்று அந்தப் பெரிய குரலில் கேட்டுக்கொண்டே வீதியைக் கடந்து, ஒருநாளும் மிதிக்காத லாயத்துக்குள் போனார். பின்னாலேயே ஓடிய நான் வாசலில் நின்றுவிட்டேன். மாடத்தில் நிமிர்ந்திருந்த கோப்பையை எடுத்து, மூட்டையில் விட்டுத் தலைதட்டி அளந்து போட்டார். குதிரை தின்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை வருஷமும் தானே செய்து வந்ததுபோல, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.