நாய்க்குட்டிக்கு அவர் பெயர்

அந்த நாயின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் வீட்டுக்காரர் பெயரை எழுதியது போலாகிவிடும். பெயரை மறைத்துக்கொண்டு நாயைப் பற்றி என்னத்தை எழுதுவாய் என்று என் மகள் கேட்கிறாள். பேசாமல் படித்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நான் கவரைப்பேட்டைக்கு வந்தேன். பிறந்தது ஊத்துக்கோட்டைப் பக்கம், நெல் விளைகிற வீடு. அங்கே பஸ் சத்தம்தான் பெரிய சத்தம். இங்கே கொல்லையை ஒட்டியே ரயில் பாதை போனது. இரண்டு லைன், வேலி கிடையாது, அந்தப் பக்கம் ஸ்டேஷன். முதல் வாரம் முழுக்க, மெயில் கடக்கும்போதெல்லாம் அடுப்பில் இருந்த சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பழகிவிட்டது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், அவர், மாமியார். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் அவருக்கு லேத் மிஷினில் வேலை. காலையில் பாசஞ்சரில் போவார், சாயங்காலம் பாசஞ்சரில் வருவார். மாமியார் அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். நான் 'இன்னாங்க' என்பேன். அவருக்கென்று இருந்த பெயர் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நான் அதை நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன். சோதித்துப் பார்க்கிற விஷயமா அது? ரேஷன் கடையில் அவர் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எனக்காகச் சொல்வாள், அவள் புருஷன் பெயரை நான் சொல்வேன். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் காலம் தள்ளினோம்.

அவருக்கோ என் வாயால் ஒரு தடவை தன் பெயரைக் கேட்டுவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதே வேலை. பொட்டலம் மடித்துவந்த பேப்பரில் தன் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்து, "இது இன்னா எழுத்துன்னு தெரியல, படி பாப்போம்" என்பார். நான் எட்டாவது வரை படித்தவள். கண்ணு தெரியல என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் டிபன் கேரியர் பிடித்த ஒரு கையும், சட்டைக்குள் எதையோ அணைத்துப் பிடித்த மறு கையுமாக வந்தார். கம்பெனி கேன்டீன் பின்னால் பிறந்த நாய்க்குட்டி. செவலை நிறம், ஒரு காது மடங்கி இருந்தது. தரையில் விட்டதும் நேராக என் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தது. எனக்கு அப்போதே அதைப் பிடித்துவிட்டது.

"இதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டேன்.

தன் பெயரைச் சொன்னார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கூப்புடு பாப்போம்" என்றார்.

எனக்குப் புரிந்துபோனது. மாமியாருக்குத்தான் கோபம் வந்தது. "கோயில்ல மொட்ட போட்டு வச்ச பேருடா அது. நாய்க்கு வைக்கிறியா நைனா? வேற பேரா கெடைக்கல ஒனக்கு?" என்றார். இவர் அசையவில்லை. வைத்தது வைத்ததுதான், யாரும் மாற்றக் கூடாது என்று சட்டம் வேறு போட்டார்.

இதைவிட எங்கள் லெவல் கிராசிங் கேட்காரர் மறுநாள் சொன்னதுதான் என்னைக் கலக்கியது. கொல்லைப் பக்கம் வந்தவர் குட்டியைப் பார்த்துவிட்டு, "பேரச் சொன்னா வர்ற மாரி சீக்கிரமா பழக்கிடுங்கம்மா. கூப்ட்டா வராத நாய் இந்த லைன்ல தங்காது" என்றார். அதற்கு முன் இந்த வீட்டில் வளர்ந்த இரண்டு நாய்களும் ரயிலில் அடிபட்டுத்தான் போயிருந்தன என்று மாமியார் அப்புறம் சொன்னார். அன்றைக்கே நான் குட்டியைக் கொல்லை வேப்பமரத்தில் கயிறு போட்டுக் கட்டினேன். அது கயிற்றைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் சாயங்காலத்துக்குள் அவிழ்த்தும் விட்டேன்.

பெயரை அவர்தான் பழக்க வேண்டும், என்னால் ஆகாதே. லீவு நாளில் டீக்கடையிலிருந்து பொறை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து கொல்லையில் நிற்பார். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்று தன் பெயரைத் தானே உரக்கக் கூப்பிடுவார். குட்டி பொறையைப் பார்க்கும், அவரைப் பார்க்காது. இன்னும் உரக்கக் கூப்பிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "தம் பேர தானே கூவிக்கினு நிக்கிறான், பேஜாரு புடிச்சவன்" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படியில் சிரிப்பேன்.

பகலில் குட்டி என் பொறுப்பு. 'ச்சூ ச்சூ' என்று கூப்பிட்டால் தெருவில் இருக்கிற நாயெல்லாம் வந்து நிற்கும், இது வராது. தட்டைத் தட்டினால் காக்கை வரும். லைன் பக்கம் அது ஓடும்போதெல்லாம் பின்னாலேயே நானும் ஓடித் தூக்கிக்கொண்டு வருவேன். மாவு ஆட்டும்போது பாதியில் எழுந்து ஓடி, உரலில் இருந்த மாவை ஆடு நக்கிவிட்டுப் போனதும் உண்டு. ஒரு பெயரை வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு ரயிலேறிப் போய்விடுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

குட்டி பெரிதாகி நாயான பிறகுதான், அது வேறு ஒரு பெயரைத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுவிட்டு, "இன்னாங்க, சாப்ட வாங்க" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் திருப்பி வாய் திறப்பதற்குள் நாய் தெருக்கோடியிலிருந்து பறந்து வந்து என் காலடியில் நின்றது. யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயமே இல்லை. தினமும் நான் 'இன்னாங்க' என்பேன், அவர் வந்து உட்காருவார், சாப்பிட்டு முடித்துக் கடைசிப் பிடியை உருட்டி அதற்குப் போடுவார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சோறு வரும் என்று அது கண்டுவைத்திருந்தது.

அவர் நம்பவில்லை. தெருவில் போய் நின்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாய் காதைச் சொறிந்துகொண்டது. என் குரல் மாதிரி மெல்லிசாக "இன்னாங்க" என்றார். எழுந்து வந்துவிட்டது. "போச்சு போ" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

அதன் பிறகு எனக்குக் கவலை விட்டது. லைன் பக்கம் நாய் போனால் கொல்லையில் நின்று "இன்னாங்க" என்று ஒரு குரல் கொடுப்பேன், வந்துவிடும். "நாய்க்குக் குடுக்கிற மரியாதையப் பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். உயிரோடு இருக்கிறதே, அது போதும் எனக்கு.

ஒரு சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பாசஞ்சர் வந்து நின்று, கூவிவிட்டு மெட்ராஸ் பக்கம் நகர்ந்தது. எல்லாரும் கேட்டைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். இவருக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடையாது, பிளாட்பாரத்தின் கோடியில் இறங்கிக் குறுக்கே நடந்து வருவார். அவர் வருகிற நேரம் நாய்க்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த லைனில், தண்டவாளத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அப்போது மெட்ராஸிலிருந்து மெயில் வருவதைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து லைனில்தான் வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவருக்குத் தெரிய வழியில்லை, போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் மறைத்தது. இரண்டு என்ஜின் கூவினாலும் கேட்கிறவருக்கு ஒரு கூவலாகத்தான் கேட்டிருக்கும். போதாததற்கு மேற்கு வெயில் அவர் கண்ணில் அடித்தது. நாய் லைனில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர் பிளாட்பாரக் கோடியில் நின்றபடி அதன் பெயரைச் சொல்லி அதட்டினார். தன் பெயரைத்தான். அது இன்னும் வேகமாக வாலை ஆட்டியது.

நான் துணியைப் போட்டுவிட்டு, "இன்னாங்க" என்று கத்தினேன்.

நாய் துள்ளி எழுந்து என்னைப் பார்த்து ஓடிவந்தது. அவரும் வந்தார். நான் நாயைக் கூப்பிட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரை நான் அப்படிக் கத்திக் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் என்னவோ ஏதோ என்று நினைத்து, சரிவில் குதித்து, முதல் லைனைத் தாண்டி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடிவந்தார். கையைக் காட்டினேன், வேண்டாம் என்று ஆட்டினேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக வந்தார். மறுபடி 'இன்னாங்க' என்றால் இன்னும் ஓடிவருவார். 'நில்லுங்க' என்று கத்தியது ரயில் கூவலில் கரைந்துபோனது, என்னிடம் வேறு சொல் எதுவும் இல்லை.

அவர் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், அடித்தொண்டையிலிருந்து.

அப்படியே நின்றுவிட்டார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், வாய் திறந்தபடி. எங்களுக்கு நடுவில் மெயில் புகுந்தது. எத்தனை பெட்டி என்று எனக்குத் தெரியாது, அன்றைக்கு அந்த ரயில் முடியவே இல்லை. பெட்டிக்குப் பெட்டி நடுவில் தெரிகிற இடுக்கில் அவரைத் தேடினேன், கண்ணில் எதுவும் நிற்கவில்லை. நாய் என் காலில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கடைசிப் பெட்டி போனபோது, நின்ற இடத்திலேயே டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தார். அழுகை வந்தது, தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் வந்து டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் பின்னால் மாமியார் இருந்தது நினைவுக்கு வந்தது. அவர் காதில் விழ, ஊர் காதில் விழச் சொல்லிவிட்டேனே என்று திரும்பிப் பார்த்தேன். "தெரியாம சொல்லிட்டேன் அத்த, அவரு ஆயுசுக்கு ஒண்ணும் ஆயிடாதே" என்றேன்.

மாமியார் கீரைத் தட்டைக் கீழே வைத்தார். "அவங்கப்பா பேர நானு ஒரு தபா கூட சொன்னதில்லடி. நாப்பது வயசுல போய்ட்டாரு" என்றார். அப்புறம் எழுந்து, கை நிறைய உப்பும் மிளகாயும் எடுத்துவந்து, எங்கள் இரண்டு பேரையும் நாயையும் சேர்த்து உட்காரவைத்துச் சுற்றிப் போட்டார்.

அன்றைக்குச் சோறு போட்டுவிட்டுக் கூப்பிடத் தயங்கினேன். பிறகு மெதுவாக "இன்னாங்க" என்றேன். இரண்டு பேரும் வந்தார்கள். இன்னொரு தடவை சொல்லு என்று நச்சரிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கடைசிப் பிடியை நாய்க்குப் போட்டுவிட்டு, "இதுக்கு இன்னாங்கன்னே பேரு இருக்கட்டும். என் பேர நானே வச்சிக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. கேட்டைச் சுற்றிக்கொண்டு வர மட்டும் கற்றுக்கொண்டார். நாய் கிழமாகி, கண் மங்கி, வேப்பமரத்தடியில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தது. அவர் அப்புறமும் நெடுங்காலம் இருந்தார். "இன்னாங்க, சாப்ட வாங்க" என்று கூப்பிட்டால் ஒருவர் மட்டும் வருவார். சாப்பிட்டு முடித்து, கடைசிப் பிடியை உருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார்.