மாடிக் கம்பியில் வந்த வாழ்த்து

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் நாங்கள் மாடிப் போர்ஷனுக்குக் குடி வந்தபோது, சைவம்தானே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் வீட்டுக்கார மாமி சாவியைக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, "எங்காத்து நல்லது கெட்டது தெரிஞ்சு நடந்துக்கணும், அவ்வளவுதான்" என்றார். அந்த "அவ்வளவுதான்" எதுவரைக்கும் போகும் என்று நான் கேட்கவில்லை. பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவள் நான். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித்தான் பழக்கம்.

ரேடியோ அதற்கப்புறம் வந்தது. மன்னார்புரத்தில் என் கணவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருவர் வடக்கே மாற்றலாகிப் போகையில் தன்னுடைய வால்வு ரேடியோவை விற்றார். இவர் அதை ஒரு போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். பின்பக்கத் துளையில் ஒரு முழம் ஒயரைச் சொருகினாலே திருச்சி ஸ்டேஷன் கணீரென்று கேட்டது. சிலோன் மட்டும் கேட்கவில்லை. அதற்கு மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே செம்புக் கம்பி இழுத்து, அதிலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் வழியாகக் கீழே இறக்க வேண்டும். அதுதான் ஏரியல். மொட்டை மாடி எங்களுடையது இல்லை.

மாமி ஒரேயடியாக மறுக்கவில்லை. வடாம் காயப்போடும் பக்கம் கம்பி வரக் கூடாது, தென்னங்கீற்றில் உரசக் கூடாது என்றார். அப்புறம் முற்றத்துக்கு மேலே இருக்கும் எங்கள் ஜன்னலைக் காட்டி, "ரேடியோவை அங்க வெச்சுடுங்கோ. கம்பி எங்க மாடியிலதானே ஓடப்போறது, எங்களுக்கும் காதுல விழட்டும்" என்றார். தபாலாபீசில் ரேடியோ லைசென்ஸ் எங்கள் பெயருக்கு எடுத்தோம். எந்த ஸ்டேஷன் என்பதை மட்டும் கீழேயிருந்து சொன்னார்கள். காலையில் பக்திப் பாட்டு, சாயங்காலம் கச்சேரி. நான் சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பினால், "அந்தக் கூத்தெல்லாம் மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கோங்கோளேன்" என்று முற்றத்திலிருந்து குரல் வரும். மத்தியானத்துக்கு மேல் குழந்தை தூங்குவாள். அவள் தூங்கும்போது நான் ரேடியோ போடுவதில்லை.

என் கணவர், "நம்ம ரேடியோ, நம்ம லைசென்ஸ். உனக்கு வேணும்கிறத வையேன்" என்பார். அவருக்கென்ன, காலையில் போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வருவார். அவர் இல்லாத நேரம் முழுவதும் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறவள் நான்தான்.

சிலோன் எனக்கு வேண்டியிருந்தது பாட்டுக்காக இல்லை. என் அண்ணன் கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் இருக்கிறார். என் கல்யாணத்தன்று மாலை கப்பலுக்குப் புறப்பட்டுப் போனவர் பிறகு வரவில்லை. ஒரு தடவை இந்தப் பக்கம் வந்துவிட்டால் திரும்பிப் போவதற்குக் காகிதம் கிடைக்காது என்று எழுதினார். அதனால் என் மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இல்லை. எங்கள் பக்கத்தில் மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். என் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் ஒருவனைப் பிடித்து உட்கார வைத்தோம். குழந்தை வீறிட்டு அவன் மடியிலிருந்து இறங்கப் பார்த்தது. என் மாமியார் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, "புள்ளைக்கே தெரியுது பாரு, இது இரவல் மடின்னு" என்றார். சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இதை நான் அண்ணனுக்கு எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து நீலக் கடிதம் வந்தது. குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் நாளுக்கு, சிலோன் ரேடியோவின் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கார்டு அனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குப் படிப்பார்கள், என் பெயர், உன் பெயர், குழந்தை பெயர் மூன்றும் வரும், பின்னாடி ஒரு பாட்டும் போடுவார்கள் என்று எழுதியிருந்தார். "உன் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள். மாமன் இருக்கிறான் என்று ஊருக்கே தெரியட்டும்" என்பது கடைசி வரி. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

மாமியார் எடமலைப்பட்டி புதூரில் மூத்த மகன் வீட்டில் இருந்தார். நேரில் போய்ச் சொன்னேன். நட்சத்திரம் பார்க்காமல் இங்கிலீஷ் தேதிக்கு என்ன பிறந்தநாள் என்று முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, ரேடியோவில் பெயர் வருமென்றால் வருகிறேன் என்றார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் கீழே ஒரு கடிதம் வந்தது. மாமா, அதாவது வீட்டுக்காரர், அதை வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்து வெளியே போட்டார். இரண்டு பேரும் கட்டின துணியோடு கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். வேலைக்காரம்மாவிடம் கேட்டபோது, நாக்பூரில் மாமாவின் பங்காளி ஒருவர் இறந்துபோய்விட்டார் என்றாள். மறுநாள் வாசலில் கோலம் இல்லை. பெருமாள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

நான் யாரும் சொல்லாமலே ரேடியோவை நிறுத்தினேன். சாவு விழுந்த வீட்டில் பாட்டு வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கம் தீட்டு பதினாறு நாள். பிராமணர்களுக்குப் பத்து நாள் என்று பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி சொல்லி எனக்கு ஞாபகம். செவ்வாயிலிருந்து விரலை மடக்கி எண்ணினேன். வெள்ளிக்கிழமை என்பது நான்காவது நாள்.

"மாமிகிட்ட போய்க் கேளு. அரை மணி நேரம்தானே, அவங்களும் புள்ளகுட்டி பெத்தவங்கதான்" என்றார் என் கணவர்.

"சாவு வீட்ல போய் பாட்டு வைக்கட்டுமான்னு எப்படிங்க கேக்கறது?"

"அப்ப நான் கேக்கறேன்."

"வேண்டாம்ங்க. மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு கம்பிய எடுங்கன்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். தடுத்தது நான்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் வாங்க இறங்கினேன். வாசலில் பெரிதாகக் கோலம் போட்டிருந்தது. நின்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் வேலைக்காரம்மா மறதியாகப் போட்டிருப்பாள், மாமி பார்த்தால் அவளைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன். கோலத்தை என் கண்ணாலேயே பார்த்தேன் என்பதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

மாமியார் நான்கு மணிக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. குழந்தைக்கு ஒரு சீட்டிப் பாவாடை கொண்டுவந்திருந்தார். பாயசம் கொடுத்தேன். குடித்துவிட்டு ரேடியோவுக்கு நேராகப் பாயைப் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் சொன்னேன், கீழே தீட்டு, சத்தமாக வைக்க முடியாது என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தவன் நாக்பூர்ல. நீ யாரு அவனுக்கு?"

"குடியிருக்கற வீடு இல்லையா, அத்தை."

"மெல்லமா வையேன். ரேடியோல திருகாணி எதுக்கு வெச்சிருக்கான்?"

மெல்ல வைப்பதாகத்தான் சொன்னேன். ஐந்து இருபதுக்கே போட்டேன். வால்வு சூடாக ஒரு நிமிஷம் ஆகும். அந்த ரேடியோவின் முகப்பில் பச்சையாக ஒரு சின்னக் கண் உண்டு. ஸ்டேஷன் சரியாகக் கிடைத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் பச்சை நெருங்கி வந்து, நடுவிலிருக்கும் இருட்டு மூடிக்கொள்ளும். முள்ளைத் திருப்பினேன். அன்றைக்கு என்று பார்த்துச் சிலோன் அத்தனை துல்லியமாக வந்தது. சரியாக ஐந்தரைக்குச் சத்தம் கூட்டும் திருகாணியை ஒரு மயிரிழை தள்ளியதும் ஒரு ஆணின் குரல் "அன்புச் செல்வம்" என்று எழுந்தது. அதே நேரம் முற்றத்துக் கிணற்றடியில் மாமி வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. சட்டென்று திருகாணியைத் திருப்பிவிட்டேன். சத்தம் சுத்தமாக நின்றது. பச்சைக் கண் மட்டும் எரிந்தது.

ரேடியோவை ஜன்னலை விட்டு உள்ளே நகர்த்தியிருக்கலாம். ஆனால் மேலேயிருந்து வரும் ஒயர் அந்த ஜன்னல் வரைக்கும்தான் எட்டியது. ஜமுக்காளத்தைப் போட்டு மூடிக் காதை ஒட்டிக் கேட்டிருக்கலாம். இப்போது இதெல்லாம் தோன்றுகிறது. அப்போது மாமி கிணற்றடியை விட்டுப் போகட்டும், போனதும் வைக்கலாம் என்று நின்றுகொண்டிருந்தேன். மாமி போகவில்லை. ஏதோ பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பச்சைக் கண் மூடுவதும் லேசாகத் துடிப்பதுமாக இருந்தது. உள்ளே யாரோ பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். யார் பெயர் என்று தெரியாது. குழந்தை எழுந்து போய் அந்தக் கண்ணை விரலால் தொட்டது. மாமியார் அதை இழுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆறு மணி நெருங்கும்போது படிக்கட்டில் காலடிச் சத்தம். மாமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். நான் ரேடியோவுக்கு முன்னால் போய் மறைத்து நின்றேன்.

"என்னம்மா, மூணு நாளா ரேடியோ சத்தத்தையே காணோம்? ரிப்பேரா?"

தீட்டு என்பதால் நிறுத்தினேன் என்றேன்.

"அது இன்னிக்குக் கார்த்தாலயே போயிடுத்தே, கோலத்தைப் பாக்கலையா? அவர் போய்ப் பதிமூணு நாள் கழிச்சுன்னா எங்களுக்குச் சேதியே வந்தது. பத்து நாள் தாண்டி வந்த சேதிக்கு மூணு நாள்தான் தீட்டு." பிறகு சற்று ஆச்சரியமாகப் பார்த்து, "ஏன்மா, நான் ரேடியோ போடாதேன்னு சொன்னேனோ?" என்றார்.

சொல்லவில்லை. அவர் சொல்லவே இல்லை.

"ஆறு மணிக்கு நல்ல கச்சேரி இருக்கு. மாமா ஆசைப்படறார். கொஞ்சம் பெரிசாவே வெச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கினார். நான் திருகாணியைத் திருப்பினேன். சிலோனில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வாழ்த்து முடிந்துவிட்டது. முள்ளை நகர்த்தித் திருச்சி ஸ்டேஷனில் வைத்தேன். தம்புரா கேட்டது. மாமி சொன்னபடி பெரிதாகவே வைத்தேன்.

மாமியாரை பஸ் ஏற்றிவிடப் போனேன். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். பஸ் கண்ணுக்குத் தெரிந்ததும் சொன்னார்: "மாமன் ரேடியோல வாழ்த்துனான்னு இனிமே யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத. கேட்டவங்க ஒருத்தரும் இல்ல." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் கணவர் விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டார். அடுத்த வருஷம் கேட்டால் போகிறது என்றார். அடுத்த வருஷம் அண்ணன் கார்டு போடவில்லை. கடை மாறிவிட்டதாக எழுதினார், வேறொன்றும் எழுதவில்லை. அந்தக் கம்பி மட்டும் இன்னும் மொட்டை மாடியில் இருக்கிறது. காலையில் ஆறரைக்குப் பக்திப் பாட்டு வைக்க நான் ஒரு நாளும் தவறுவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு வாரம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அன்றைக்குக் கடையில் கூட்டமாம், அவராலேயே கேட்க முடியவில்லையாம். குழந்தையின் பெயரைச் சரியாகச் சொன்னார்களா, உன் மாமியார் என்ன சொன்னார், என்ன பாட்டுப் போட்டார்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தார். பெயரைத் தெளிவாகச் சொன்னார்கள் என்று எழுதினேன். அத்தைக்கு ரொம்பச் சந்தோஷம் என்று எழுதினேன். பாட்டு எதுவென்று எழுதப் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், பாட்டு வரும்போது குழந்தை ஓயாமல் அழுததால் சரியாகக் கேட்கவில்லை என்று எழுதி, ஒட்டி, தபாலில் போட்டேன்.

குழந்தை அன்றைக்கு அழவே இல்லை.