பக்கத்து வீட்டு மாடிப்படி

ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் ஊரில் ஆளாளுக்கு மாடி கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட மூன்று மாடி எழுப்பினார். அனுமதி வாங்கவில்லை. அதுகூடப் போகட்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஏரிக்கு ஓடுகிற சந்தில், கடைசியாக மாடிப்படியைக் கட்டி அடைத்துவிட்டார். அடுத்த மழைக்கு எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அடுப்பைக் கட்டில் மேல் வைத்துச் சமைத்தேன். போய்க் கேட்டால், "கட்டினது கட்டியாச்சு, இப்ப இன்னான்ற?" என்றார்.

அதற்கப்புறம்தான் அனுமதி கேட்டு மனுப் போட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு இலை போடச் சொல்கிற கதை. வந்த கோபத்தில் நானும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணையில் அவர் போனை நீட்டி அதிகாரியிடம் ஒரு போட்டோவைக் காட்டினார். அந்த வீட்டுக்கு வாசக்கால் வைத்த அன்று எடுத்தது. நிலைக்கு மஞ்சள் பூசியபடி அதில் சிரிப்பது நான்தான். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள் பூசச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

"மஞ்ச பூசிட்டு இப்ப ஆகாதுன்னா எப்படி சார்?" என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்தாள். "அன்னிக்கு படியே கெடையாது சார். நாந்தான் அக்காவ கூப்ட்டேன். கூப்ட்டா வர்றது மொற. வந்ததால எல்லாத்துக்கும் ஒத்துக்கினாங்கன்னு ஆயிடுமா? அவங்க வூட்ல தண்ணி பூந்தத நானே பாத்தேன்."

படியை இடித்து முன்பக்கம் கட்டினால்தான் அனுமதி என்று முடிவானது. வெளியே வந்த கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஷேர் ஆட்டோவில் என்னோடு வந்தாள். கூடப் பிறந்தவள்கூட இதைச் செய்திருக்க மாட்டாள் என்றேன். "வுடுக்கா" என்றாள். இன்றைக்கும் மழை வலுத்தால் அவளைத்தான் மனதுக்குள் வாழ்த்துகிறேன்.

ஊர் முனையில் இறங்கி நடந்தோம். அவள் வீட்டு வாசலில் பைக் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் ஆளாக அந்த வீட்டுக்குள் போனேன்.