ஒட்டியிருந்தால் ஒன்று

தீவு நகரமான லான்செஸ்டனில் மற்றவர்கள் ஆட்டை எண்ணினார்கள், ஓட்டை எண்ணினார்கள். ரோண்டா பைபஸ் புள்ளி எண்ணினாள். ஆய்வகத்தின் இருட்டறையில், நுரையீரல் கட்டியிலிருந்து சீவியெடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு செல்லிலும் சிவப்பாக எத்தனை புள்ளி மினுங்குகிறது என்று பார்ப்பதே அவள் பிழைப்பு. ஒரு புள்ளி என்றால் ஒரு மரபணுவுக்கு ஒரு பிரதி. நல்ல பிள்ளையான செல்லில் இரண்டு. கெட்டுப்போனதில் சில சமயம் கொத்துக்கொத்தாக. கொத்தாக இருந்தால்தான் புது மாத்திரை கேட்கும். கெட்டதற்குப் பரிசு கொடுக்கும் துறை அரசியல் மட்டுமல்ல.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருட்டில் உட்கார்ந்திருப்பவளை யார் பார்ப்பார்கள்? சாம்பிள் பெட்டிகளை வேனில் கொண்டுவரும் மெர்வ் லாக்கெட் பார்த்தான். தினமும் காலை டீக்குச் சாக்லேட் பிஸ்கட்டோடு வந்துவிடுவான்.

“என்ன அம்மணி, இன்னிக்கு எத்தன நட்சத்திரம்?”

“உன் வாயில இருக்கற பல்ல விட ஜாஸ்தி. போடா.”

ஒருநாள் வந்த பெட்டியில் மெர்வின் நுரையீரலே இருந்தது.

தெரிந்தவருடைய துணுக்கை எண்ணக்கூடாது என்பது விதி. ஆனால் மெர்வின் பிஸ்கட்டைத் தின்னாதவர் அந்த ஆய்வகத்தில் யார்? ரோண்டாவே எண்ணினாள். ஒட்டிநிற்கும் இரண்டு புள்ளியை ஒன்றாகத்தான் எண்ணவேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த சட்டம். அன்று இரண்டாக எண்ணினாள். சிவப்பு மண்டிய செல்களாகப் பொறுக்கிப் பொறுக்கி எண்ணினாள். மெர்வுக்கு மாத்திரை தேறிவிட்டது.

எந்தத் துணுக்கையும் இருவர் தனித்தனியே எண்ணவேண்டும். இரண்டாவது ஆள் கோரன். எண்ணிக்கையில் மகா கஞ்சன். அவள் பத்து என்றால் எட்டு என்பான், ஒரு சண்டை நடக்கும். அன்று இரண்டு கணக்கும் அச்சாகப் பொருந்தின. ரோண்டா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“கோரன், ஒட்டியிருந்தத எப்படி எண்ணினே?”

அவன் நிமிரவில்லை. “நீ எண்ணின மாதிரிதான்.”

“மாத்திரை கேக்கலன்னா?”

“காலு வீங்கறதுதான் மிச்சம். வேற மருந்து குடுக்கற நேரமும் போயிடும். உனக்குத் தெரியாததா?”

“தெரிஞ்சேதான் பண்ணினியா?”

“நீ மட்டும்?”

இரண்டு தாளையும் அவளே கிழித்தாள். துணுக்கு கடல் தாண்டி மெல்போர்னுக்கு, மெர்வை அறியாத கண்களுக்குப் போனது. பதில் வந்தது: செல்லுக்கு இரண்டு. பெருக்கம் இல்லை; மாத்திரையும் இல்லை.

அடுத்த வாரம் மெர்வ் வேன் இல்லாமல், சட்டை தொளதொளக்க, பிஸ்கட்டோடு வந்தான்.

“டாக்டர் சொல்லிட்டாரு அம்மணி. எல்லாரையும் போல ரெண்டேதானாம். பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் என்னைய ஒழுங்குன்னு சொன்னதில்ல. இப்பப் போய் ஒழுங்கா இருந்து தொலச்சிருக்கேன்.” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “நீ எண்ணியிருந்தா ரெண்டு சேத்துப் போட்டிருப்பே.”

“போட்டேன்டா.”

மெர்வ் அவளையே பார்த்தான். “அப்புறம்?”

“கிழிச்சுட்டேன்.”

மெர்வ் டீயைக் கலக்கினான். பிறகு பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

“நல்லதுதான். அந்த மாத்திரைக்குக் காலு வீங்குமாமே, அப்புறம் எப்படி வேன் ஓட்டறது?”

வாசலில் அவனுடைய வேனிலிருந்து வேறு யாரோ பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த சத்தம் இருவருக்குமே கேட்டது.